பின்னால் கூப்பிடுதல்

மணி ஒன்று முப்பத்தெட்டு. ஹார்லன் வானிலை நிலையத்தின் அடுத்த அளவீடு இரண்டு மணிக்குத்தான் வரும், இன்னும் இருபத்திரண்டு நிமிடம், அதுவரை கதிரையை விட்டு எழும்பக்கூடாது என்று யாரும் எனக்குச் சட்டம் போடவில்லை, ஆனால் எழும்பினால் அந்த நேரம் பார்த்து ஏதாவது மாறிவிடும் என்று ஒரு பயம், படித்தவனுக்கு வரக்கூடாத பயம், பதினொரு வருடமாக வானிலை முன்னறிவிப்பு எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு வரவே கூடாத பயம். ஜன்னலுக்கு வெளியே வெயில் எறிக்கிறது. மைனஸ் நாலு. கனடாவின் நடுச்சமவெளியில் ஜனவரி மாதம் மைனஸ் நாலு என்றால் சனம் மேல்சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நடக்கும், கோப்பிக்கடை வாசலில் நின்று முகத்தை வெயிலுக்குக் காட்டும். காட்டட்டும். இந்தச் சூடு எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வடமேற்கிலிருந்து ஒரு தாழமுக்கம் ஓடி வருகிறது, அது தனக்கு முன்னால் தெற்குச் சூட்டை விரித்துக்கொண்டு வரும், தனக்குப் பின்னால் துருவத்துக் குளிரைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும், முன்னால் வெயில், நடுவில் பனிப்புயல், பின்னால் மைனஸ் முப்பத்தொன்று, காற்றோடு சேர்த்தால் நாற்பத்தாறு. வருவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. இரவு ஏழு மணிக்கு என்றால் எனக்கு ஒன்றுமில்லை, நானும் நளாயினியும் வீட்டில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு ஜன்னலால் பார்ப்போம். பின்னேரம் மூன்றரைக்கு என்றால் நளாயினி தெருவில் இருப்பாள். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை அவளுக்கு, செவ்வாய்க்கிழமைகளில் காலமை வேறு வீடுகள், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வில்பிரட் வீடு. வில்பிரட் கோதுமை விதைத்த மனிதர், சீனிவருத்தத்தில் ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது, தனி ஆள், தன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆள். இங்கிருந்து அறுபத்திரண்டு கிலோமீற்றர், அதில் கடைசி ஒன்பது கிலோமீற்றர் கிரவல் ரோடு, வெறும் சரளைக்கல். இரண்டு பக்கமும் வயல், மரம் இல்லை, வேலி இல்லை, தந்திக்கம்பம்கூட ஒரு பக்கம்தான். அந்தத் தெருவில் காற்று எழும்பினால் எது தெரு எது வயல் என்று பகலிலேயே தெரியாது. மூன்று மணிக்கு அவள் வெளிக்கிடுவாள். ஒன்று முப்பத்தொன்பது.

நேற்றுப் பின்னேரம் லீக்ஸ் வெட்டிக்கொண்டு அவள் கேட்டாள், "நாளைக்கு எத்தினை மணிக்குத் தொடங்கும்?" நான் சொன்னேன், "ஏழு மணிக்குப் பிறகுதான்." அவ்வளவுதான் சொன்னேன். அலுவலகத்தில் இதே கேள்விக்கு நான் அப்படிச் சொல்வேனா, அறுபது வீதம் ஏழு மணிக்குப் பிறகு, இருபத்தைந்து வீதம் பின்னேரம், மிச்சம் தெரியாது என்று அழகாக அட்டவணை போட்டுத் தருவேன். வீட்டில் அந்தக் கதை எடுபடாது. கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் "மழை வருமோ" என்று கேட்டவளுக்கு நாற்பது வீதம் என்றேன், அவள் கையில் பிழிந்த சேலையோடு நின்று என்னைப் பார்த்து, "கொடியில போடுறதோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ, நாப்பது வீதச் சேலையை நான் எங்க காயப்போடுறது" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நான் ஓம், இல்லை என்ற இரண்டே சொல்லில் வானிலை சொல்கிறவன். ஊரில் எல்லாரும் நான் எழுதியதை ரேடியோவில் கேட்பார்கள், டெலிபோனில் பார்ப்பார்கள், அவள் மட்டும் பார்ப்பதில்லை, வீட்டிலேயே ஆள் இருக்கும்போது நான் ஏன் பார்க்க வேண்டும் என்பாள். அறுபதை நூறாக்கிச் சோற்றுக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தது நான்தான். சரி, அதுகூடப் பரவாயில்லை, நேற்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், காலமை தெரிந்ததைத்தான் சொல்லாமல் விட்டேன். காலமை. ஆறு ஐம்பதுக்கு அவள் சப்பாத்தைப் போட்டு, பையைத் தோளில் கொழுவி, "போட்டு வாறன்" என்று சொல்லிக் கதவைத் தாண்டிவிட்டாள். அந்த நேரம்தான் என் டெலிபோனில் புதுக் கணிப்பு வந்து விழுந்தது. கணினிகள் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போடுகிற கணக்கு, நாலு கணினியில் மூன்று இரவு ஏழு என்றே நின்றன, ஒன்று மட்டும் புயலை முன்னுக்குத் தள்ளி மூன்றரை என்றது. நான் வாசலுக்கு வந்தேன். அவள் நடையின் முடிவில் படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள், அவளுடைய முதுகு, அந்த நீல மேல்சட்டை, குளிர்த்தொப்பிக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த பின்னல் நுனி. "நளா" என்று கூப்பிட வாய் திறந்தேன். திறந்த வாயை மூடினேன்.

வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது. இதை எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை, யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான், கூப்பிட்டால் போன காரியம் சரிவராது, கூப்பிட்டே ஆகவேண்டுமென்றால் போனவர் திரும்பி வந்து இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டும். நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. நம்பாத ஆள் செய்கிற வேலைகளைக் கேளுங்கள். போன வருடம் அவள் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போனாள், நான் கூப்பிடவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெருப்புப் பிடித்தால் ஓடுகிற பின்படிக்கட்டால் மூன்று மாடி இறங்கி, கட்டடத்தைச் சுற்றி ஓடி, அவள் காரடிக்கு வரும்போது முன்னால் நின்றேன், மூச்சு வாங்க, சாரத்தோடு. கீழ்வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பெட்டியை வாங்கினாள், கொஞ்சம் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் எல்லாம் தெரிந்த ஒரு களைப்பு இருந்தது. இன்றைக்கும் அப்படி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கால் வெறுங்கால், வெளியே மைனஸ் ஒன்பது, நாலில் ஒரு கணினி சொல்வதை வைத்துக்கொண்டு ஓடி என்ன சொல்வது, இருபத்தைந்து வீதம் என்றா, பிறகு டெலிபோனில் சொல்லலாம், அலுவலகத்துக்குப் போய் மற்ற வரைபடங்களையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம். காரணங்கள் வரிசையாக வந்து நின்றன, கேட்காமலே வந்து நின்றன. ஜன்னலடிக்குப் போனேன். கீழே அவள் காருக்குள் ஏறிக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன், நில் என்றுதான் தூக்கினேன், அல்லது அப்படித்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். அவளும் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு மணி. ஒன்றும் வரவில்லை. இரண்டு மூன்று. திரையில் மற்ற நிலையங்கள் எல்லாம் வரிசையாக நிரம்பிவிட்டன, காற்று, வெப்பம், அமுக்கம், பார்வைத் தூரம், ஹார்லனுக்கு நேரே மட்டும் வெறும் கோடு. வில்பிரட்டின் வீட்டிலிருந்து வடமேற்கே நூற்றைம்பது கிலோமீற்றர் ஹார்லன். ஒரு மணிக்கு அது நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னது, தெற்குக் காற்று, மைனஸ் ஆறு, பதினைந்து கிலோமீற்றர் தெரிகிறது, அமுக்கம் மட்டும் இறங்கிக்கொண்டு போகிறது. இப்போது கோடு. எதிர்மேசையில் இருந்து விமானங்களுக்கு வானிலை எழுதுகிற கோர்டன் கரட்டைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "ஹார்லனா, அது பழைய இயந்திரம், மாதத்தில் நாலு தரம் இப்படிப் படுத்துக்கொள்ளும்" என்றான். உண்மைதான். நாலு தரம் படுக்கும். "மூன்று மணிக்கு வந்துவிடும், பொறு, இல்லாத தகவலை வைத்து எச்சரிக்கை கொடுக்க முடியாது" என்றான். அதுவும் உண்மைதான். கோர்டன் சொல்வதெல்லாம் எப்போதும் உண்மையாகவே இருக்கும், அதுதான் அவனிடம் உள்ள கரைச்சல். டிசம்பரில் அவன் பொறு என்று சொன்னபோது நான் பொறுக்கவில்லை. இருபத்தைந்து சென்ரிமீற்றர் கொட்டும் என்று எச்சரிக்கை போட்டேன், பள்ளிக்கூட பஸ் எல்லாம் நிறுத்தினார்கள், விழுந்தது இரண்டு விரற்கடை. ரேடியோவில் காலமை நிகழ்ச்சி செய்கிற ஒருவன், அந்த ஐயா அடுத்த முறை கணினியை விட்டுவிட்டு ஜன்னலால் எட்டிப் பார்க்கட்டும் என்று சொல்லிச் சிரித்தான், மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நம்பகத்தன்மை என்ற சொல்லை ஏழு தரம் சொன்னார், நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். இன்றைக்குக் காலமை எட்டு மணிக்கு இந்தக் கதிரையில் இருந்தபோது அந்த ஏழும் என்னோடு கூடவே வந்து இருந்தன. எச்சரிக்கை போடவில்லை. ஒரு படி குறைந்த கண்காணிப்பு அறிவிப்பிலேயே விட்டு, பதினொரு மணிக்கு 'பிற்பகுதியில்' என்று ஒரு சொல்லை மட்டும் சேர்த்தேன். பிற்பகுதியில். மூன்றரையும் பிற்பகுதி, ஏழும் பிற்பகுதி, எது நடந்தாலும் பிழை சொல்ல முடியாத சொல். கோழையின் சொல். எனக்கு என்னைப் பிடிக்காமல் போவது இப்படியான சொற்களைத் தேடிக் கண்டுபிடிக்கும்போதுதான்.

இல்லாத தகவல் தகவல் இல்லையா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், அவளுக்கு ஐந்தாம் மாதம், ஸ்கான் எடுக்கப் போனோம். காரைச் சூடாக்கவென்று அவள் முன்னால் இறங்கினாள், நான் கதவைப் பூட்டும்போது பார்த்தேன், மப்ளர் கதிரையில் கிடக்கிறது. "நளா, மப்ளர்!" என்று கத்தினேன். அவள் நாலு படி திரும்பி ஏறி வந்து வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கவில்லை, யாருக்கு அதெல்லாம் நினைவு. மருத்துவமனையில் அந்த அறை இருட்டாக இருந்தது, திரை என் பக்கம் இருந்தது, கருவியை வைத்திருந்த பெண் கதைத்துக்கொண்டே வந்தவள் கதையை நிறுத்தினாள். நான் திரை பார்க்கிறதையே தொழிலாக வைத்திருக்கிறவன். துடிக்க வேண்டிய இடம் துடிக்கவில்லை, அங்கே ஒரு கோடு கிடந்தது, யாரும் சொல்ல முன்னமே நான் வாசித்துவிட்டேன். அந்தப் பெண் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள், டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்றாள். டாக்டர் வருகிறவரை பத்து நிமிடம் நளாயினி என்னிடம் "என்னவாம், என்னவாம்" என்று கேட்டுக்கொண்டு இருந்தாள், எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை, டாக்டர் வரட்டும் என்றேன், பொறு என்றேன். மூன்று கிழமைக்குப் பிறகு மீன் வெட்டிக்கொண்டு நின்றவள் திரும்பாமலே சொன்னாள், "அண்டைக்கு நீங்கள் பின்னால கூப்பிட்டனீங்கள்." கோபமாகச் சொல்லவில்லை. குற்றமாகவும் சொல்லவில்லை. யாரோ ஒருவர் வந்துபோனதைச் சொல்கிறமாதிரிச் சொன்னாள், சொல்லிவிட்டுச் செதிலைச் சுரண்டினாள். நான் குழாயைத் திறந்து சட்டியைக் கழுவினேன். அந்தப் பிள்ளை நான் கூப்பிட இரண்டு மூன்று நாளுக்கு முன்னமே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார், அவளும் பக்கத்தில் இருந்து கேட்டாள். அந்தக் கணக்கு எனக்கும் விளங்கும், அவளுக்கும் விளங்கும். விளங்கி என்ன. அன்றைக்குப் பிறகு நான் அவளைப் பின்னால் கூப்பிட்டதே இல்லை.

இரண்டு பதினாறு. அவளுடைய டெலிபோனுக்கு ஐந்தாவது தரம் எடுக்கிறேன். அடிக்கிறது, அடிக்கிறது, குரல்பெட்டிக்குப் போகிறது. வில்பிரட்டைக் குளிக்கவார்க்கிற நேரமாக இருக்கும், புண்ணுக்கு மருந்து கட்டுகிற நேரமாக இருக்கும், கை ஈரமாக இருக்கும். ஆறாவது தரம் அடிக்கும்போதுதான் அந்த மணிச் சத்தம் எங்கே கேட்டுக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. குசினியில். ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில், சார்ஜ் வயரின் நுனியில். காலமை தேத்தண்ணீர் ஊற்றும்போது நான் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கோப்பையை வைத்தேன், கையால் தள்ளினேன், கண்ணுக்குத் தெரிந்தது, மூளைக்குப் போகவில்லை. அவளுடைய நிறுவனத்துக்கு எடுத்தேன், ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, கடைசியில் ஒரு பெண், நோயாளிகளின் இலக்கத்தை வெளியாட்களுக்குக் கொடுக்க முடியாது, நாங்கள் தகவல் சொல்லிவிடுகிறோம், எந்த நேரம் என்று சொல்ல முடியாது என்றாள். நான் வெளியாள் இல்லை புருஷன் என்றேன். புருஷனும் வெளியாள்தான் என்பதை மரியாதையாகச் சொன்னாள். போலீசுக்கு எடுத்து என்ன சொல்வது, என் மனைவி ஒரு சூடான வீட்டுக்குள் இருக்கிறாள், வெளியே வெயில் எறிக்கிறது, காப்பாற்றுங்கள் என்றா. நானே போகலாம். போக முடியாது, நாலு மணிக்கு அடுத்த ஆள் வரும்வரை இந்த மேசையில் நான் ஒருவன்தான், மூன்று லட்சம் சனத்துக்கு நான் ஒருவன்தான், இப்போது வெளிக்கிட்டாலும் நான் போய்ச்சேர முன்னம் அவள் தெருவில் ஏறிவிடுவாள். கார் பள்ளத்தில் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று வருடா வருடம் எழுதுகிறவன் நான், காரை விட்டு இறங்காதே, புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள், போர்வையைச் சுற்றிக்கொள், மெழுகுதிரி ஒன்று கொளுத்தி வை. போர்வை. ஐயோ, போர்வை. எங்கள் காரின் பின்பெட்டியில் எப்போதும் இருக்கிற கம்பளிப் போர்வையை நான்தான் எடுத்தேன், பொங்கலுக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோன பொங்கல்பானை ஆறிவிடக்கூடாது என்று அதைச் சுற்றினேன், நெய் ஊற்றுப்பட்டு, தோய்க்கவென்று எடுத்து வைத்தது இன்னும் ஊத்தை உடுப்புக் கூடைக்குள் கிடக்கிறது. சர்க்கரைப் பொங்கல் சூடாக இருந்தது, எல்லாரும் சொன்னார்கள், குகதாசன் அண்ணை கொண்டுவந்த பொங்கல்தான் சூடு என்று. மைனஸ் முப்பத்தொன்றில் காருக்குள் இருக்கிற ஆளுக்கு முதலில் விரல் விறைக்கும், பிறகு நோகும், பிறகு நோகாது. நோகாமல் போனதும் நித்திரை வரும். இதையும் நான்தான் எழுதினேன், துண்டுப் பிரசுரத்தில், இரண்டாம் பக்கம்.

இரண்டு இருபத்தேழு. ஹார்லனின் கோடு அப்படியே கிடக்கிறது. எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், எழுதவும் எழுதிவிட்டேன், பனிப்புயல், மணிக்கு எண்பது கிலோமீற்றர் வடகாற்று, மூன்று முப்பதிலிருந்து, பயணத்தைத் தவிருங்கள், தொடர்ந்து கடுங்குளிர் இரண்டு நாள். அனுப்புகிற பொத்தானில் விரல் நிற்கிறது, இறங்கவில்லை. ஏன் என்றால் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இது முன்னறிவிப்பா, பயமா. அந்தக் கிரவல் ரோட்டில் வேறு யாரோ ஒருவனின் மனைவி வரப்போகிறாள் என்றால் நான் இந்தக் கோட்டைப் பார்த்து இப்படி நடுங்குவேனா, கோர்டன் சொன்னமாதிரிப் பழைய இயந்திரம் என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்குப் பொறுத்திருக்க மாட்டேனா. பொறுத்திருப்பேன். அதுதான் வெட்கம். அவளுக்காக என்றால் போடக்கூடாது, தனக்கு வேண்டிய ஆளை வைத்துக்கொண்டு மூன்று லட்சம் பேரின் வானத்தைப் பார்க்கக்கூடாது. அப்படியென்றால் அவளுக்காகப் போடாமல் விடுவதும் அதே பிழைதானே, அவள் அங்கே இருப்பதாலேயே என் கணக்கை நான் நம்பாமல் இருப்பதும் பிழைதானே. திரும்பத் திரும்ப அதே இடம். அங்கே வந்து நிற்கும், முட்டும், சுற்றும், திரும்ப அங்கே வந்து நிற்கும். காலமையும் இதே விரல்தான், இதே வாய்தான், உறுதியாகத் தெரியட்டும் என்று பொறுத்தது. அந்த இருட்டறையிலும் பொறுத்தது. எனக்குத் தெரிந்ததை வாயில் வைத்துக்கொண்டு டாக்டர் வரட்டும், கணினி வரட்டும், மூன்று மணி வரட்டும் என்று நிற்கிறதே எனக்குத் தொழிலாகப் போய்விட்டது. சகுனம் என்று பேர் வைத்தாலும் ஒன்றுதான், நம்பகத்தன்மை என்று பேர் வைத்தாலும் ஒன்றுதான், பயந்தவனுக்கு ஏதோ ஒரு பேர் வேண்டும். அமுக்கினேன். இரண்டு முப்பத்தொன்று. கோர்டன் கரட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அடுத்த நிமிடம் அவனுடைய டெலிபோனும் என்னுடையதும் ஒன்றாக அலறின, எச்சரிக்கை போட்டால் வட்டாரத்தில் இருக்கிற அத்தனை கைத்தொலைபேசியும் இப்படித்தான் அலறும். நாற்பது மைல் சுற்றுவட்டத்தில் கடைக்காரன், பஸ்காரன், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாருடையதும் அலறியிருக்கும். நளாயினியுடையதும் அலறியிருக்கும், பூட்டிய வீட்டுக்குள், ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில்.

மேசைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலாவது, டிசம்பரில் சிரித்த அதே ரேடியோக்காரன். "ஜன்னலால் பார்த்தீர்களா ஐயா, இங்கே வெயில்" என்றான். "பார்த்தேன்" என்றேன், "எழுதியதை அப்படியே வாசியுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசியுங்கள்." என் குரலில் என்ன இருந்ததோ தெரியாது, அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பிறகு பள்ளிக்கூட சபை, அவர்களுக்குப் பிறகு தெருவில் பனி தள்ளுகிறவர்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கேட்க வேண்டிய ஆள் மட்டும் ஆங்கில ரேடியோ கேட்பதில்லை. இரண்டு ஐம்பத்திரண்டு. அவள் இப்போது வில்பிரட்டுக்கு இரவுச் சாப்பாட்டை மூடி வைப்பாள். இரண்டு ஐம்பத்து மூன்று. மருந்தை எண்ணிச் சின்னக் கோப்பையில் போட்டு வைப்பாள். இரண்டு ஐம்பத்தைந்து, அவள் சப்பாத்துப் போடுகிறாள், நான் இங்கேயிருந்து பார்க்கிறேன், அந்த நீண்ட சப்பாத்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஜிப். மேசைத் தொலைபேசி திரும்ப அடித்தது. தெரியாத இலக்கம். இன்னொரு ரேடியோவாக இருக்கும், கோர்டன் எடுக்கட்டும் என்று விட்டேன், மூன்று தரம் அடித்தது, நாலாவது தரம் கை தானாகப் போனது. "நான்தான்" என்றாள். கனடா வந்த புதிதில் தனியே வீட்டில் இருந்து பகலில் நாலு தரம் எடுத்து எடுத்து அவளுக்குப் பாடமாகிப்போன ஒரே இலக்கம் இந்த மேசையுடையது. அதை நான் மறந்துபோனேன். "ஃபோனை வீட்டில விட்டிட்டு வந்திட்டன் அப்பா, இது வில்பிரட்டின்ர வீட்டு வயர் ஃபோன். நான் இப்ப வெளிக்கிடுறன், வரேக்க பால் வாங்கவேணுமோ?" பால். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தேன். "எங்க நிக்கிறாய்?" என்று கேட்டேன். "கதவடியிலதான். சப்பாத்தும் போட்டாச்சு. இஞ்ச நல்ல வெயில், வில்பிரட் சொல்றார், கால் இருந்தா இண்டைக்கு நடந்து திரிஞ்சிருப்பாராம்." "நளா, குசினி ஜன்னலால வடமேற்கைப் பார், சூரியனுக்கு வலப்பக்கம், என்ன தெரியுது?" சப்பாத்துக் கால்கள் நாலடி நடந்தன. "ஒண்டுமில்லை, அடிவானத்தில கொஞ்சம் வெள்ளையாக் கிடக்கு. நீட்டுக்கு. மதில் கட்டினமாதிரி."

ஹார்லன் பழுதாகவில்லை, புயல்தான் அதன் வாயை அடைத்திருக்கிறது. "நளா, கேள், எண்பத்தைஞ்சு வீதம்" என்று தொடங்கினேன். வெட்கங்கெட்ட வாய், இப்போதும் அப்படித்தான் தொடங்கியது. "வீதத்தை விடுங்கோ" என்றாள், "வாறதோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ." "வராதை" என்றேன். "நில்லு. போகாதை. ரெண்டு நாளைக்கு அங்கயே நில்லு." நான் கத்தியிருக்க வேண்டும், கோர்டன் எழும்பி நின்றான். அந்தப் பக்கம் சப்பாத்துச் சத்தம் நின்றது. வாசலில் நிற்கிறவளை, பையைத் தோளில் போட்டவளை, கூப்பிட்டு நிறுத்திவிட்டேன் என்பது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "காலமையும் இதைத்தான் சொல்ல வந்தனீங்களோ? ஜன்னலடியில நிண்டு கையைத் தூக்கினீங்கள். நான் டாட்டா காட்டுறீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

"ஓம்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீ வெளிக்கிட்டிட்டாய். பின்னால எப்பிடி…" இரண்டு வருடமாக வராத அழுகை அலுவலக மேசையில் கோர்டனுக்கு முன்னால் வந்துவிடப் பார்த்தது, நான் முகத்தைத் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஹார்லனுக்கு நேரே இன்னும் அந்தக் கோடு. வயரில் ஒரு மெல்லிய இரைச்சல், அங்கே காற்று எழும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

"அண்டைக்கு நீங்கள் மப்ளர் தரத்தானே கூப்பிட்டனீங்கள்" என்றாள் நளாயினி. "எனக்குக் குளிருமெண்டுதானே."

நான் அழுதேன். அவள் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டு குனிந்திருப்பாள், மூச்சு கிட்ட வந்து கேட்டது. பை நிலத்தில் வைபட்டது. வில்பிரட்டிடம் ஆங்கிலத்தில் தண்ணீர் கொஞ்சம் கேட்டாள், குழாய் திறந்து மூடியது, அவள் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சப்பாத்தின் ஜிப் மேலிருந்து கீழே இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்திருந்தேன். அதுவும் இறங்கியது.